சில இடங்களே மீதம்

ஆளுக்கு ஒரு விளம்பரம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்,
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
மாவு உறை, நகைக்கடைத் துண்டுச்சீட்டு,
பேருந்து முதுகிலிருந்து உரித்த பாதி நடிகை.
ஜுபைர் பற்பசைக் கூட்டை நீட்டினான்:
பத்து மருத்துவர்களில் ஒன்பது பேர்.
"அந்தப் பத்தாவது டாக்டர் எங்க இருக்காரு டீச்சர்?
அவருகிட்டதான் பல்லைக் காட்டணும்."

கரும்பலகையில் நான் பெயர்கள் எழுதினேன்.
கூட்டத்தோடு இழுத்தல்.
அச்சம் ஊட்டல்.
ஒரு பக்கம் மட்டும் காட்டல்.
பெரிய பெயரின் நிழலில் நிற்றல்.
பூச்சிக்குப் பெயர் வைத்துவிட்டால்
அது கடிக்காது என்பதுபோல.

நிழல் என்றதும் மசாலாப் பொட்டலத்தை உயர்த்தினாள்
அடைக்கலமேரி.
தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை,
வைரத்தோடு போட்ட ஒரு சிரிப்பு,
செட்டிநாட்டின் அசல் சுவை.
"நாங்களும் செட்டிநாடுதானே டீச்சர்?
நேத்து ராத்திரி எங்க வீட்ல
பழைய சோறும் சுட்ட கருவாடும்.
அது என்ன சுவை?"
வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
பொட்டலத்தைத் திருப்பிப்
பொடி எழுத்தில் விரலை ஓட்டினாள்.
தயாரித்த ஊருக்கு
எங்களில் யாரும் போனதில்லை.

சேவுகன் வெறுங்கையோடு வந்திருந்தான்.
புதுவயலில் எந்தத் தெருவில் நின்றாலும்
நெல் அவியும் வாசனை;
ஆலையில் சாக்கு வாய் தைக்கும் மெஷின்
அவன் அம்மா கையில்.
"கொண்டாந்தா மூணு சாக்கு கொண்டாரணும் டீச்சர்.
ஒண்ணுல மயிலு. ஒண்ணுல குத்துவெளக்கு.
ஒண்ணுல ஒரு பொம்பளை உலக்கையோட நிக்கும்.
குமிச்சுக் கெடக்குற அரிசி ஒண்ணுதான்.
உலக்கைக்கு மட்டும் கிலோவுக்குப் பதினெட்டு ரூவா கூட.
எங்கம்மா உலக்கையப் பாத்ததே
அந்தச் சாக்குலதான்.
இதுக்கு என்ன பேரு?"

பலகையைப் பார்த்தேன்.
பொய் என்று எழுதலாமென்றால்
சாக்கில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
உலக்கை சும்மா நிற்கிறது.
மீதியை
வாங்குகிறவர் தாமே சொல்லிக்கொள்கிறார்.
மணி அடித்தது; நான் தப்பித்தேன்.

அடுத்த வாரத்தை எழுதாமல் விடலாம்.
விட்டால்
ஒரு பக்கம் மட்டும் காட்டல்.

சேர்க்கைக்கு பிளெக்ஸ் கட்டினோம், பள்ளி வாசலில்.
தலைமையாசிரியர் கேட்டதும்
ஐந்தே நிமிடத்தில் நான் எழுதிக்கொடுத்த வாசகம்:
ஊரே தேடி வரும் பள்ளி.
தாமதித்துப் பின் வருந்தாதீர்.
சில இடங்களே மீதம்.

ஆறாம் வகுப்பில் நாற்பது இடம்,
சேர்ந்தது ஒன்பது.
காரைக்குடி போகும் மஞ்சள் வேன்கள்
எங்கள் வாசலில் வேகம்கூடக் குறைப்பதில்லை.

மறுநாள் காலை பிளெக்ஸில் ஸ்கெட்ச் பேனா.
'ஊரே' பக்கத்தில்: கூட்டத்தோடு இழுத்தல்.
'வருந்தாதீர்' பக்கத்தில்: அச்சம் ஊட்டல்.
மூன்றாம் வரிக்குப் பெயர் இல்லை,
ஒரு அம்புக்குறி,
அதன் முனையில் 31.

யார் என்றார் தலைமையாசிரியர்.
தெரியவில்லை சார் என்றேன்.
ஐந்து ஆண்டாகத் திருத்துகிறேன்,
அந்த 'ச'வின் வாலை எனக்குத் தெரியாதா.

சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து
பிளெக்ஸைத் தரையில் கவிழ்த்துப் போட்டு
பின்பக்க வெள்ளையில் எழுதினோம்,
நானும் அந்த மூவரும், முட்டி போட்டு:
ஆறாம் வகுப்பில் 31 இடம் காலி.
குடிநீர்க் குழாய் இரண்டு, ஒன்று ஒழுகும்.
கணக்கு டீச்சர் ஜூலையில்தான் வருவார்.
எங்கள் பிள்ளைகள் எதையும் கேள்வி கேட்பார்கள்.

நன்றாக வந்திருக்கிறது என்று
நான் எழுந்து பாவாடை மண்ணைத் தட்டுமுன்,
கடைசி வரியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு
அடைக்கலமேரி
பேனா மூடியைக் கழற்றுகிறாள்.